மூடியினுள் மறைந்த உழைப்பு: ஆங்கிலேயரின் பிஸ்கற் பீப்பாவும் தேநீர்வேளை வழக்கங்களும்

பழம்பொருட் கடைகளிலும் ஏலங்களிலும் விலைபேசப்படும் ஆங்கிலேய வீட்டுப் பொருட்களுள் பிஸ்கற் பீப்பாவும் ஒன்று. ஏறத்தாழ ஒரு சாண் உயரம். பெரும்பாலும் உருளை வடிவம். மேலே ஒரு மூடி. தூக்கிச் செல்வதற்கு வளைந்த கைப்பிடி. விக்ரோறியா அரசியின் ஆட்சிக் காலத்தில் (1837 - 1901) பெருகி வளர்ந்த மத்தியதர வர்க்கத்தினரின் உணவறையிலும் வரவேற்பறையிலும் அது இடம்பெற்றிருந்தது. சேகரிப்போர் இன்று அதனை ஆராயும்போது முத்திரை, உலோகம், மெருகு, பழுது ஆகியவற்றையே முதன்மையாகக் கவனிக்கின்றனர். இத்தகைய பொருளொன்று ஏன் தோன்றியது, எத்தகைய மனித உறவுகள் அதனை வேண்டி நின்றன என்னும் வினாக்கள் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியத்தை அது பிறந்த சமூக உறவுகளோடு இணைத்து நோக்க வேண்டும் என வற்புறுத்தும் நாம், அதே நோக்கினை அன்றாடப் புழங்குபொருளொன்றின் மீதும் செலுத்திப் பார்ப்பது பொருத்தமாகும். தொழிற்சாலையிலே கூலியுழைப்பினால் உற்பத்தியாகி, கடையிலே விலைக்கு வாங்கப்பட்ட பண்டம், இல்லத் தலைவியின் உபசாரமாக உருமாறிய இடமே பிஸ்கற் பீப்பா என்பது எமது கருத்து. அவ்வுருமாற்றத்தின்போது மறைந்து போனவை எவை என்பதை ஆங்கில இலக்கியமே எமக்குச் சில இடங்களிற் காட்டித் தருகின்றது.

பொருளும் வடிவமும்

'பிஸ்கற்' என்னும் சொல் இலத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'இருமுறை சுடப்பட்டது' என்பது அதன் பொருள். மாவிலுள்ள நீரை இயன்றவரை அகற்றிவிட்டால் உணவு பல மாதங்களுக்குக் கெடாது. இக்காரணத்தினாலேயே அது நீண்டகாலமாகக் கடலோடிகளினதும் போர்வீரர்களினதும் உணவாக இருந்தது. கப்பல்களில் ஏற்றப்பட்ட பிஸ்கற் கல்போல் இறுகியிருக்கும். நீரிலோ குழம்பிலோ ஊறவைத்தே உண்ண வேண்டும். பாரிய பீப்பாக்களிலும் சாக்குகளிலும் அது கொண்டு செல்லப்பட்டது. மத்தியதர வர்க்கத்தின் மேசையில் ஏறிய சிறு பீப்பா இந்த வடிவத்தையே அலங்காரமாக ஏற்றுக்கொண்டது. ஓக் மரத்தாற் செய்து, உலோகப் பட்டைகள் பூட்டி, உள்ளே பீங்கான் கலமொன்றை வைத்த வகையே இன்றும் அதிகம் காணப்படுவது. கடலோடியின் கடின உணவை நினைவூட்டும் வடிவம், கடலையே காணாத சீமாட்டியின் அருகில் அழகுப் பொருளாய் அமர்ந்தது.

வேறு வகைகளும் உள. வெட்டுவேலைப்பாடமைந்த கண்ணாடிக் கலங்கள், வண்ணப் பீங்கான் கலங்கள், வெட்ஜ்வூட் நிறுவனத்தின் நீலக் களிமண் மீது வெண்ணிறக் கிரேக்க உருவங்கள் பதித்த கலங்கள் என்பன குறிப்பிடத்தக்கன. எனினும் பெருந்தொகையான இல்லங்களுக்கு இப்பொருள் எட்டியமைக்கு மின்முலாம் பூசும் முறையே காரணமாயிற்று. 1840 இல் பேர்மிங்காம் நகரத்து எல்கிங்ரன் நிறுவனத்தினர் இம்முறைக்கான காப்புரிமையைப் பெற்றனர். செம்பு, நாகம், நிக்கல் ஆகியவற்றைக் கலந்து செய்த உலோகத்தின் மீது மின்னோட்டத்தின் துணையுடன் மெல்லிய வெள்ளிப் படலம் படியவைக்கப்பட்டது. அடியிலுள்ள கலப்புலோகத்துக்கு 'நிக்கல் வெள்ளி' என்று பெயர் வழங்கினும் அதில் வெள்ளி சிறிதும் இல்லை. பேர்மிங்காமிலும் ஷெபீல்டிலும் இருந்த தொழிலகங்கள் இத்தகைய பொருட்களைத் திரளாக உற்பத்தி செய்தன.

முத்திரை பற்றிய ஒரு செய்தி ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தூய வெள்ளிப் பொருட்களின் மீது, அரச அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிலையங்கள் சிறு கட்டங்களுள் முத்திரைகளைப் பொறிக்கும். முலாம் பூசிய பொருட்களைச் செய்தோர், தமது எழுத்துக்களையும் அவ்வாறே தனித்தனிக் கட்டங்களுள் வரிசையாகப் பொறித்தனர். தூரத்தில் நின்று நோக்குவோருக்கு அது வெள்ளி முத்திரையெனவே தோன்றும். நிலவுடைமைப் பிரபுவின் பரம்பரை வெள்ளியை வாங்க இயலாத மத்தியதர வர்க்கம் அதன் சாயலை வாங்கிக்கொண்டது. பல பீப்பாக்களின் முகப்பிற் கேடய வடிவான சிறு தகடொன்று காணப்படும். குலச்சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் திருமணப் பரிசு, விளையாட்டு வெற்றி, பல்லாண்டுச் சேவை முதலியன பொறிக்கப்பட்டன. பிரபுத்துவத்தின் புறவடிவங்களை அதனை மேவி எழுந்த வர்க்கமே விரும்பி ஏற்றது என்பதற்கு இச்சிறு தகடும் சான்றாகும்.

மூடியின் பயனை விளங்கிக்கொள்வது எளிது. கேக்கும் பாணும் திறந்து வைத்தால் நீரை இழந்து உலரும். பிஸ்கற்றிலோ நீர் மிகக் குறைவு. ஆதலின் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நொய்ந்து போகும். ஈரலிப்பு மிகுந்த இங்கிலாந்தின் காலநிலையில் மூடி இன்றியமையாததாயிற்று. ஆனால் அந்த மூடிக்குப் பூட்டு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலையை வைத்திருந்த பேழை பெரும்பாலும் பூட்டுடனேயே செய்யப்பட்டது. 'காடி' என்ற அதன் ஆங்கிலப் பெயர் மலாய் மொழியில் நிறுத்தலளவையைக் குறிக்கும் 'காத்தி' என்ற சொல்லின் திரிபு என்பர். தேயிலை விலையுயர்ந்ததாக இருந்தபோது அப்பேழையின் திறப்பு வீட்டுத் தலைவியின் கையில் இருந்தது. பூட்டிய பேழையிலிருந்து பூட்டற்ற பீப்பாவுக்கு வந்த மாற்றம், அரிய பொருள் மலிந்த பண்டமான வரலாறேயாகும்.

தேநீர்வேளையின் தோற்றம்

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்திலே தேநீர் அறிமுகமாகிவிட்டது. 1662 இல் இரண்டாம் சாள்ஸ் மன்னனை மணந்த போர்த்துக்கேய இளவரசி கத்தரீன் அரசவையில் அப்பழக்கத்துக்கு மதிப்பைத் தேடிக் கொடுத்தாள். எனினும் கடுமையான வரி காரணமாக அது நீண்டகாலம் உயர் குடியினருக்கும் கடத்தல்காரர்களுக்குமே உகந்த பொருளாயிருந்தது. 1784 இல் நிறைவேறிய சட்டம் 119 சதவீதமளவாக இருந்த வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது. 1833 ஆம் ஆண்டுச் சட்டம் சீன வணிகத்திற் கிழக்கிந்தியக் கம்பனி கொண்டிருந்த தனியுரிமைக்கு முடிவு கட்டியது. 1839 இல் அசாமில் விளைந்த தேயிலை முதன்முதலாக இலண்டனில் ஏலத்துக்கு வந்தது. 1840களில் ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை இறாத்தலாக இருந்த தேயிலை நுகர்வு, 1900 அளவில் ஆறு இறாத்தலாக உயர்ந்தது.

பிற்பகல் தேநீர் என்னும் வழக்கத்தைப் பெட்போர்ட் கோமகள் அன்னா 1840 அளவிலே தொடக்கிவைத்தாள் எனப் பரவலாகக் கூறப்படும். நண்பகல் உணவுக்கும் இரவுணவுக்கும் இடையில் அவளுக்கு ஏற்பட்ட களைப்பே காரணமாம். உயர்குடி மாளிகையொன்றில் 1842 இல் தாம் இவ்வழக்கத்தை முதன்முதலாகக் கண்டதாக நடிகை பனி கெம்பிளும் பின்னாளில் எழுதினார். இச்செய்திகளை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயின் ஒரு கோமகளின் பசி ஒரு நாட்டின் வழக்கமாக மாறுவதற்குப் பசியினும் வலிய காரணம் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் நடுப்பகலையொட்டி உண்ணப்பட்ட பேருணவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் இரவு ஏழு, எட்டு மணிவரை பின்தள்ளப்பட்டது. வீடு வேறு, தொழிலிடம் வேறு எனப் பிரிந்தது. அலுவலகத்துக்கும் தொழிலகத்துக்கும் சென்ற ஆடவர் மாலையிலேயே திரும்பினர். விளக்கு வசதிகள் பெருகின. நீண்டு கிடந்த பிற்பகல், வீட்டிலிருந்த சீமாட்டியின் நேரமாயிற்று. அந்த இடைவெளியிலேயே தேநீர்வேளை நிலைகொண்டது.

அதற்குரிய ஒழுங்குகளும் வகுக்கப்பட்டன. சந்திப்புக்குரிய நாளை முற்கூட்டியே அறிவித்தல், வருவோர் முகவரிச்சீட்டுக் கொடுத்தல், தலைவியே தன் கையால் தேநீர் வார்த்தல், மெல்லியதாய் அரிந்த பாணும் வெண்ணெயும் பிஸ்கற்றும் பரிமாறுதல் என்பன அவற்றுட் சில. பாலை முதலில் ஊற்றுவதா, பின்னர் ஊற்றுவதா என்பதுகூட ஒருவரின் பிறப்பையும் வளர்ப்பையும் அளக்கும் கோலாயிற்று. தட்டத்தைக் கொண்டு வருவதும் எடுத்துச் செல்வதும் பணிப்பெண்ணின் வேலை. 1891 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டுப் பணிசெய்த பெண்கள் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

தொழிலாளரின் தேநீர் முற்றிலும் வேறானது. வட இங்கிலாந்துத் தொழில் நகரங்களில் 'ரீ' என்னும் சொல் மாலையுணவையே குறித்தது. ஆலையிலிருந்து திரும்பியோர் பாண், உருளைக்கிழங்கு, கிடைத்தால் இறைச்சி ஆகியவற்றோடு அருந்திய சூடான பானமே தேநீர். 'ஹை ரீ' என்பதை உயர்குடியினரின் விருந்தெனப் பலர் இன்று கருதுகின்றனர். அப்பெயர் மேசையிலிருந்து உண்ணும் இந்த நிறையுணவுக்கே உரியது. தேநீர்ப் பழக்கம் உழைப்பாளியை வலுவிழக்கச் செய்கின்றது என 1820களில் வில்லியம் கொபெற் சாடினார். வீட்டில் வடிக்கும் பியரே சிறந்தது என்பது அவர் வாதம். 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலையை எழுதிய ஏங்கெல்ஸ், தேநீரும் இல்லாத வீட்டில் வறுமை அதன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது என்று கண்டார். ஒரே பானம் ஒரு வர்க்கத்துக்கு ஓய்வின் அடையாளமாகவும், மற்றொரு வர்க்கத்துக்குப் பசியை மறைக்கும் மருந்தாகவும் இருந்தது. அதிற் கரைந்த சீனியும் அவ்வாறே. உடலுக்கு விரைவிற் சூடும் வலுவும் தந்து, நேரமெடுத்துச் சமைக்கும் உணவின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

தகரப்பெட்டியிலிருந்து பீப்பாவுக்கு

தேநீர்வேளையோடு பிஸ்கற் பிணைந்ததற்கு ரெடிங் நகரம் முக்கிய காரணமாகும். 1822 இல் யோசப் ஹன்ட்லி என்பவர் அங்கு இலண்டன் வீதியிற் சிறிய வெதுப்பகமொன்றைத் திறந்தார். இலண்டனுக்கும் பாத் நகருக்கும் இடையில் ஓடிய குதிரை வண்டிகள் எதிரேயிருந்த விடுதியில் தரித்துச் செல்லும். பயணிகள் வாங்கிய பிஸ்கற் வழியில் உடையாமலும் நொய்யாமலும் இருப்பதற்குத் தகரப்பெட்டிகள் தேவைப்பட்டன. அவருடைய மைந்தர்களுள் ஒருவரே அப்பெட்டிகளைச் செய்து கொடுத்தார். 1841 இல் யோர்ஜ் பாமர் பங்காளராகச் சேர்ந்தார். 1846 இல் நிறுவப்பட்ட தொழிற்சாலையில் மாவைத் தட்டுதல், வெட்டுதல், சுடுதல் ஆகிய வேலைகள் இயந்திரங்களினால் இடையறாது நடைபெற்றன. நூற்றாண்டின் முடிவில் ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் உலகின் மிகப்பெரிய பிஸ்கற் நிறுவனமாக விளங்கியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். பொதி செய்யும் பகுதிகளிற் பெண்களும் சிறுமியரும் நிறைந்திருந்தனர். ரெடிங் 'பிஸ்கற் நகரம்' என்றே பெயர் பெற்றது.

கார்லைல் நகரிற் கார் நிறுவனமும், இலண்டனிற் பீக் பிறீன் நிறுவனமும் இவ்வாறே வளர்ந்தன. எம்மவர் நன்கு அறிந்த 'மாரி' பிஸ்கற், 1874 இல் ருசிய இளவரசி மரியா, விக்ரோறியாவின் மகனை மணந்ததையொட்டிப் பீக் பிறீன் நிறுவனம் வெளியிட்டதாகும். ஆலையிற் பிறந்த பண்டத்துக்கு அரண்மனையின் பெயர் சூட்டப்பட்டது.

இங்குதான் பீப்பாவின் சமூகப் பணி தெளிவாகின்றது. கடையிலிருந்து வந்த தகரப்பெட்டியில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அது சமையலறை அலுமாரியிலேயே தங்கியது. அன்றன்றைக்கு வேண்டிய அளவைப் பணிப்பெண் எடுத்துப் பீப்பாவில் இட்டாள். பீப்பா மட்டுமே வரவேற்பறைக்குள் நுழைந்தது. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையிலிருந்த அந்தச் சில அடி தூரத்தில் பிஸ்கற் தன் பிறப்பிடத்தையும் விலையையும் துறந்தது. விருந்தினர் முன் மூடி திறக்கப்பட்டபோது அவர்கள் கண்டது ரெடிங் தொழிலாளியின் உழைப்பையன்று. வீட்டுத் தலைவியின் தாராளத்தையே கண்டனர். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற் பாகத்திற் பண்டத்தின் மாயையை மார்க்ஸ் விளக்கினார். மனிதருக்கிடையிலான உறவு பொருட்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிப்பதையே அவர் அங்கு சுட்டினார். பீப்பா அதற்கு மேலும் ஒரு படி செல்கின்றது. பொருளின் விலையையும் மறைத்து அதனை அன்பின் வெளிப்பாடாக்கி விடுகின்றது.

முதலாளிகள் இந்நுட்பத்தை விரைவில் உணர்ந்துகொண்டனர். தகரத்தின் மீது வண்ணம் அச்சிடும் முறை 1870களில் வளர்ச்சியுற்றபின், வரவேற்பறையிலேயே வைக்கத்தக்க அழகிய பெட்டிகளை அவர்கள் வெளியிட்டனர். கூடை, பேழை, தோலட்டைப் புத்தகங்களை வாரினாற் கட்டிவைத்த கட்டு எனப் பலவாறாக அவை அமைந்தன. உள்ளே ஒரு வரியும் இல்லாத அந்நூற்கட்டு, பண்பாட்டையும் அலங்காரப் பண்டமாக்கிய காலத்தின் சின்னமாகும்.

கஸ்கெல் காட்டும் இரு மேசைகள்

எலிசபெத் கஸ்கெல் என்னும் நாவலாசிரியை இரு வேறு தேநீர் மேசைகளை வரைந்துள்ளார். இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும்.

1848 இல் வெளியான 'மேரி பார்ட்டன்' மஞ்செஸ்ரர் தொழிலாளரைப் பற்றியது. அதன் தொடக்கத்திலேயே பார்ட்டன் குடும்பத்தார் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வருகின்றனர். விருந்துக்கு வேண்டிய முட்டை, பன்றியிறைச்சி, பால், பாண் யாவற்றையும் அப்பொழுதுதான் மகள் ஓடிச் சென்று வாங்கி வரவேண்டும். முட்டைக்கு எத்தனை பென்ஸ் என்பதையும் ஆசிரியை குறிப்பிடுகிறார். தாயும் மகளும் தாழ்ந்த குரலிற் கணக்குப் பார்ப்பதும் காசு குலுங்குவதும் கேட்கின்றன. விருந்தினர் கேளாதவர் போல் இருக்கின்றனர். நாளை தாமும் இவ்வாறே விருந்து செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அழைக்கப்பட்ட மூதாட்டி தன் கோப்பையையும் பீரிசையும் தானே கொண்டுவர வேண்டும் எனச் சொல்லியனுப்பப்படுகின்றது. வீட்டிலுள்ள கோப்பைகள் போதா.

1851 முதல் 1853 வரை தொடராக வெளிவந்த 'கிரான்போர்ட்' சிறு பட்டினமொன்றின் நடுத்தர வர்க்கப் பெண்களைப் பற்றியது. அங்கு ஒரு சீமாட்டி விருந்தளிக்கிறாள். அவள் வீட்டில் ஒரேயொரு சிறு பணிப்பெண். அவளும் தரும பாடசாலைப் பிள்ளை. தேநீர்த் தட்டம் சோபாவின் கீழேயே வைக்கப்பட்டுள்ளது. சமையலறையிலிருந்து என்ன கேக் வரப்போகின்றது என்பதை அறியாதவள் போல் சீமாட்டி வீற்றிருக்கிறாள். காலை முழுவதும் மாப்பிசைந்து கேக் சுட்டவள் அவளே. இது அவளுக்கும் தெரியும், வந்திருந்தோருக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். எனினும் ஒருவரும் வாய்திறவார்.

இரண்டு மேசைகளிலும் பாசாங்கு உண்டு. ஆனால் அவை ஒன்றல்ல. பார்ட்டன் வீட்டில் மறைக்கப்படுவது இல்லாமை. அதனை விருந்தினரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். கிரான்போர்டில் மறைக்கப்படுவது உழைப்பு. தன் கையால் வேலை செய்தாள் என்று வெளிப்படுவது ஒரு பெண்ணின் வர்க்க மதிப்பைக் குலைத்துவிடும் என்ற அச்சமே அங்கு ஆட்சி செய்கின்றது. கஸ்கெல் அந்தப் பெண்களைப் பரிகசிக்கிறார், ஆயினும் வெறுக்கவில்லை. வங்கியொன்று முறிந்து தன் சேமிப்பை இழந்த மற்றீ என்னும் முதுகன்னி, தன் வீட்டிலேயே தேயிலை விற்கத் தொடங்குகிறாள். பரிமாறப்பட்ட பொருள் விற்கப்படும் பொருளாக வெளிப்படும் அத்தருணத்தில் பட்டினத்தின் மரியாதை குலையவில்லை. மாறாக நட்பே பலப்படுகின்றது. கஸ்கெலின் யதார்த்தநோக்கு அவருடைய சமரச மனப்பாங்கையும் மீறி இவ்வுண்மையைத் தொட்டுவிடுகின்றது எனலாம்.

பார்ட்டன் வீட்டின் முடிவோ வேறு. வேலையின்மை வந்தபோது, நெடுநாளாகப் பேணிவந்த தேநீர்த் தட்டமும் தேயிலைப் பேழையும் தந்தையின் பாணுக்காக வீட்டைவிட்டுப் போகின்றன. மத்தியதர வர்க்கத்தின் வீட்டில் விலையை மறந்து நின்ற பொருள், தொழிலாளியின் வீட்டில் ஒரு பாணின் விலையாகவே முடிவடைகின்றது.

பேசிய கிண்ணமும் பேசாத கோப்பையும்

மேசைக்கலங்கள் யாவும் உழைப்பை மறைப்பதற்கே பிறந்தன எனக் கொள்வது தவறாகும். 1791 இல் அடிமை வணிக ஒழிப்புப் பிரேரணையைப் பாராளுமன்றம் நிராகரித்தபின், மேற்கிந்தியத் தீவுகளின் சீனியைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் இங்கிலாந்திலே பரவியது. வீடுகளிற் சீனியைக் கைவிடுவதிற் பெண்கள் முன்னின்றனர். 1820களில் இவ்வியக்கம் மீண்டும் வலுப்பெற்றபோது, தமது சீனி அடிமைகளால் விளைவிக்கப்படாதது எனப் பொறித்த கிண்ணங்கள் விற்பனையாயின. கிழக்கிந்தியாவின் உழைப்பாளி உண்மையிற் சுதந்திரன்தானா என்பதை அக்கிண்ணங்கள் கேட்கவில்லை. ஆயினும் இதனை விளைவித்தவர் யார் என்ற வினாவைத் தேநீர் மேசைக்கே கொண்டுவந்த பெருமை அவற்றுக்கு உண்டு.

அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. பின்வந்த தலைமுறையினரின் மேசையில் அத்தகைய கேள்வி பெரும்பாலும் எழவில்லை. அக்காலத்திலேயே இலங்கையும் அம்மேசையோடு பிணைக்கப்பட்டது. 1867 இல் யேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1880களின் இறுதியில் இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் சேர்ந்து பிரித்தானியச் சந்தையிற் சீனத் தேயிலையை முந்திவிட்டன. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்ரன் தோட்டங்களை வாங்கி, பொதி செய்த தேயிலையைச் சாதாரண மக்களுக்கும் மலிவாக விற்றார். அதன் விளம்பரங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் இடம்பெற்றது. பீப்பா உழைப்பாளியை மறைத்தது. விளம்பரமோ அவளை அழகிய காட்சியாக்கியது. லயன் அறையும், கங்காணியின் பற்றேடும், கடனைப் பிடித்துவைத்துத் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறையும் அப்படத்தில் இல்லை. துண்டு முறை 1921 இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினார். தேநீர் மேசையின் மொழியிலேயே அம்மேசைக்குரிய பதில் சொல்லப்பட்டது என்ற வகையில் அவருடைய 'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' எமது கவனத்துக்குரியது.

ரெடிங்கில் நிகழ்ந்தது

மீண்டும் ரெடிங்குக்கு வருவோம். ஒஸ்கார் வைல்டின் 'தி இம்போட்டன்ஸ் ஒஃப் பீயிங் ஏர்னெஸ்ற்' 1895 பெப்ரவரியில் முதன்முதலாக மேடையேறியது. அதில் இரு இளம்பெண்கள் தேநீர் மேசையில் மோதிக்கொள்ளும் காட்சி புகழ்பெற்றது. பணியாள் அருகில் நிற்பதால் அவர்கள் வெளிப்படையாகச் சண்டையிட முடியாது. சீனி வேண்டாம் என்றவளின் கோப்பையிற் சீனிக்கட்டிகள் விழுகின்றன. பாணும் வெண்ணெயும் கேட்டவளுக்குக் கேக் கொடுக்கப்படுகின்றது. உபசாரத்தின் உள்ளே உறைந்துள்ள பகைமையை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

அதே ஆண்டு மே மாதத்தில் வைல்டுக்கு ஈராண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. நவம்பரில் அவர் ரெடிங் சிறைக்கு மாற்றப்பட்டார். பிஸ்கற் தொழிற்சாலை அச்சிறையின் அருகிலேயே இருந்தது. 1897 மே மாதம் விடுதலையான சில நாட்களிலேயே அவர் 'டெய்லி குறொனிக்கிள்' பத்திரிகைக்கு நீண்ட கடிதமொன்றை எழுதினார். அச்சிறையிற் சிறு பிள்ளைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். காலையிற் கொடுத்த சிறைப்பாணை உண்ண முடியாமற் பசியோடிருந்த ஒரு குழந்தைக்கு, மார்ட்டின் என்னும் காவலர் வெளியே சென்று சில இனிப்புப் பிஸ்கற்றுகளை வாங்கிவந்து கொடுத்தார். மகிழ்ச்சி தாளாத குழந்தை, தனக்குக் கிடைத்த அன்பை மேற்காவலர் ஒருவரிடம் சொல்லிவிட்டது. மார்ட்டின் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இதனை உலகறியச் செய்வதற்காகவே வைல்ட் அக்கடிதத்தை எழுதினார்.

அந்தப் பிஸ்கற் எந்த ஆலையிற் செய்யப்பட்டது என்பது இங்கு முக்கியமன்று. இலட்சக்கணக்கான வரவேற்பறைகளில் விலைக்கு வாங்கிய பண்டம் அன்பின் வடிவமாக நடித்துக்கொண்டிருந்த காலத்தில், உண்மையான அன்பளிப்பாகக் கைமாறிய ஒரு சில பிஸ்கற்றுகள் குற்றமெனத் தீர்க்கப்பட்டன. அதற்குப் பீப்பாவும் இல்லை, மூடியும் இல்லை, வெள்ளி முலாமும் இல்லை.

முடிவாக

ரெடிங்கில் பிஸ்கற் உற்பத்தி 1976 இல் முடிவுற்றது. பீப்பாக்கள் எஞ்சியுள்ளன. அவற்றின் பயன்பாட்டு மதிப்பு அருகிவிட்டது; பழம்பொருள் என்ற தகுதியால் புதிய பரிவர்த்தனை மதிப்பு ஏற்பட்டுள்ளது. முன்பு பிஸ்கற்றின் பிறப்பை மறைத்த கலம், இன்று தன் பிறப்பையும் மறைத்து 'பழைய இங்கிலாந்தின் இனிய பிற்பகல்' என்ற நினைவை விற்கின்றது. அவ்வினிமையை நுகர்ந்தோர் சிலர். அதற்காக உழைத்தோர் பலர். ஓக் மரத்தைக் கடைந்தவர், முலாம் தொட்டியின் அருகே நின்றவர், ரெடிங்கிலே பொதி செய்த சிறுமி, மூடியைத் துடைத்து மினுக்கிய பணிப்பெண், மலைச்சரிவிற் கொழுந்து பறித்தவள் ஆகிய அனைவரின் நாட்களும் அந்த ஒரு சாண் கலத்தைச் சூழ்ந்து நிற்கின்றன.

இவ்வாறு கூறுவதால் விருந்தோம்பலே பொய் என்பது எமது முடிபன்று. பார்ட்டன் வீட்டுக்குத் தன் கோப்பையைத் தானே ஏந்தி வந்த மூதாட்டிக்கும், சிறையிலிருந்த குழந்தைக்கும் கிடைத்தது உண்மையான விருந்தே. பகிர்ந்துண்ணும் மனித இயல்பு வர்க்க சமுதாயத்தினும் பழையது. அச்சமுதாயம் அதனை அலங்காரமாக்கியதேயன்றி அழித்துவிடவில்லை. ஆதலின் இத்தகைய கலமொன்று அருங்காட்சியகத்தில் வைக்கப்படும்போது, செய்த நிறுவனத்தின் பெயரோடும் ஆண்டோடும் விளக்கக் குறிப்பு நின்றுவிடலாகாது. அதனை யார் செய்தார், யார் நிரப்பினார், யார் துடைத்தார், யார் உண்டார் என்பனவும் அக்குறிப்பில் இடம்பெற வேண்டும். ஆய்வாளரின் கடமை அந்த நான்கு வினாக்களிலிருந்து தொடங்குகின்றது.